சுங்கை சிப்புட்டில் நான்கு நாள்: பால்மரமும் வைரத் தகடும்

மே 2, 2025, வெள்ளி

பெட்டி வரவில்லை. கோலாலம்பூரில் இறங்கி முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். எல்லோருடைய பெட்டியும் வந்தது, என்னுடைய பச்சைப் பெட்டியைத் தவிர. மேசையில் இருந்த பெண் பொறுமையாக விவரம் எழுதிக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கே வந்துவிடும் என்றார். துணி போனால் பரவாயில்லை. திருச்சியில் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்த மரச்சட்டம் ஒன்று அதற்குள் இருக்கிறது. ஐந்து மெல்லிய கண்ணாடித் தகடுகளை வரிசையாகச் செருகி வைக்கிற சட்டம். ஞாயிற்றுக்கிழமை மாணவர்களிடம் நான் பேசப்போகும் இயற்பியல் பேச்சு முழுவதும் அதை வைத்துத்தான்.

ரயில் ஈப்போவைத் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் வந்தன, செங்குத்தாக, மேலே மட்டும் காடு முளைத்து. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நிலையத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்ற சீனப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "யார் வீட்டுக்கும்மா?" என்று தமிழில் கேட்டார். நான் திகைத்ததைக் கண்டு சிரித்தார். சின்ன வயதில் தோட்டத்துக் கடையில் வேலை செய்தவராம். தன் குடையில் பாதியைக் கொடுத்து, என் சித்தப்பா மகளான தங்கையின் கார் நின்ற இடம் வரை கூட வந்துவிட்டுத்தான் போனார்.

என் தாத்தாவின் தம்பி 1930களில் திருச்சிப் பக்கத்து முசிறியிலிருந்து கப்பலேறி இங்கே வந்தவர். அவருடைய மகன் எனக்குச் சித்தப்பா முறை. 77 வயது. நாற்பது வருடம் பால்மரம் சீவியவர். கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, இங்கே பால்மரம் என்றுதான் சொல்கிறார்கள். அவர் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இப்போது இல்லை. அந்த இடம் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. வீடு ஊருக்குள் ஒரு தாமானில், குடியிருப்புப் பகுதியில், இருக்கிறது. முன்வாசலில் துளசி, பின்வாசலில் கறிவேப்பிலையும் பாண்டான் இலையும்.

சித்தி முதலில் கேட்டது பெட்டியைப் பற்றி அல்ல. "குளிச்சிட்டு வா, தங்கச்சி கைலி இருக்கு கட்டிக்க, சாப்பாடு ஆறுது." கருவாட்டுச் சம்பல், கங்கோங் கீரை, ரசம். ரசம் மட்டும் அப்படியே எங்கள் அப்பத்தா கை. தொண்ணூறு வருடம், ஒரு கடல், இரண்டு நாட்டுப் புளி; இருந்தும் மிளகு தட்டிப் போடும் அளவு மாறவில்லை.

தங்கை இங்கே தமிழ் மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறாள். மேல்நிலைப் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளைகள் 20 பேர். "அக்கா, உன் ஆராய்ச்சியைப் பற்றித் தமிழில் பேசு. இயற்பியலைத் தமிழில் யாரும் பேசிக் கேட்டதில்லை இதுங்க" என்று போன வருடமே சொன்னாள். என் ஆராய்ச்சி கனமான குவார்க்குகளைப் பற்றியது. குவார்க் என்றால் புரோட்டான் போன்றவற்றுக்குள் இருக்கும் அடிப்படைத் துகள்; அப், டவுன், சார்ம், பாட்டம் என்று அதில் வகைகள் உண்டு. அசையாமல் நிற்கும் ஒரு உலோகத் தகட்டின் மேல் வேகமான துகள்களை மோதவிட்டு, அதிலிருந்து சார்ம் குவார்க்கும் பாட்டம் குவார்க்கும் பிறப்பதைப் பார்ப்பது. நிலை இலக்குச் சோதனை என்று வகுப்பில் சொல்வேன். இப்போது எல்லோருக்கும் தெரிந்தது ஜெனீவா பக்கம் 27 கிலோமீட்டர் வளையத்தில் இரண்டு கற்றைகளை எதிரெதிராக மோதவிடுவதுதான். அதற்கு முந்தைய இந்த எளிய வழி மறந்துபோவதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

மே 3, சனி

விடியற்காலை ஐந்தேகாலுக்குச் சித்தப்பா எழுப்பினார். "வாறியா?" அவ்வளவுதான். அவருடைய நண்பர் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் பால்மரம் மிச்சம் இருக்கிறது. முழங்கால் வலி இருந்தாலும், வாரத்தில் இரண்டு நாள் இவரே போய்ச் சீவிக் கொடுக்கிறார்.

நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவர்த்திச் சுருள், கையில் உளி. நேற்றைய மழையில் மரம் நனைந்திருந்தால் சீவ முடியாது, பால் கோட்டில் ஓடாமல் பட்டையெல்லாம் வழிந்துவிடும். ராத்திரி காற்று அடித்துக் காய்ந்திருந்தது. முதல் மரத்தின் கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை நாடா போல உரித்து எடுத்தார். பிறகு உளியை இடது மேல்பக்கத்தில் வைத்து, வலது கீழ்ப்பக்கமாக ஒரே இழுப்பு. பால் நாளங்கள் பட்டைக்குள் நேராக நிற்பதில்லை, சற்று வலது பக்கம் சாய்ந்தபடி மேலேறுகின்றன. இப்படிச் சாய்த்து வெட்டினால்தான் நிறைய நாளங்கள் அறுபடும். சீவல் சுருண்டு கீழே விழுந்தது. வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றி, சேர்ந்து, ஒரு கோடாகி, தகரப் பிள்ளை என்ற சிறு ஓடையில் இறங்கி, மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டின.

சீவலை எடுத்து விளக்கில் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். "இதுக்கு மேல போனா பட்டை வீணாப் போகும். ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். மரம் மன்னிக்காது" என்றார் சித்தப்பா.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அமெரிக்காவில் சிகாகோ பக்கம் ஃபெர்மிலேப் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1991-92இல் நடந்த ஈ-791 என்ற சோதனையில் இலக்காக நின்றவை ஐந்து தகடுகள். முதலாவது பிளாட்டினம், அரை மில்லிமீட்டர். மற்ற நான்கும் வைரம், ஒவ்வொன்றும் 1.6 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட இந்தச் சீவலின் கனம்.

சொன்னேன். சித்தப்பா அடுத்த மரத்துக்கு நடந்துகொண்டே, "வைரத்தைப் போயி எதுக்குத்தா அடிக்கிறாங்க?" என்றார்.

வைரம் என்றால் நகை வைரம் அல்ல சித்தப்பா, கரிதான், ஆனால் நெருக்கமாக அடுக்கிய கரி. கொஞ்ச இடத்தில் நிறைய அணு இருக்கும், மோதலும் அதற்கேற்ப நடக்கும், தகடும் மெல்லிசாக இருக்கும்.

"மெல்லிசா எதுக்கு?"

இதுதான் சரியான கேள்வி. மோதலில் பிறக்கிற சார்ம் துகள் ரொம்ப நேரம் உயிரோடு இருக்காது. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக வெட்டினால் அதில் பாதிக்கும் குறைவு, அவ்வளவுதான் சார்ம் குவார்க் உள்ள டி-பூஜ்யம் என்ற துகளின் ஆயுள். அதற்குள் அது தகட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். வெளியே காற்றில் சிதைந்தால்தான் இது மோதலில் தெறித்த குப்பையா, சார்ம் சிதைந்த இடமா என்று பிரித்துப் பார்க்க முடியும். தகடு தடிமனாக இருந்தால் உள்ளேயே பிறந்து உள்ளேயே செத்துவிடும்.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாலு மரம் தள்ளி, "அப்ப ரெண்டு தகட்டுக்கு நடுவுல இடம் விடணும், நிரை மாதிரி" என்றார். ஆமாம், விட்டிருக்கிறார்கள், ஒன்றரை சென்டிமீட்டர். மரம் நடுவதில் நிரைக்கு நிரை இடம் விடுகிற மனிதருக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எட்டு மணிக்கு டவுனில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். ரொட்டி சானாய் இரண்டு, தே தாரேக் இரண்டு, ஏழு வெள்ளி. ரிங்கிட் என்று யாரும் சொல்வதில்லை, வெள்ளிதான். ஒரு வெள்ளி அன்றைக்கு நம் கணக்கில் ஏறத்தாழ 20 ரூபாய். மலாய்க்காரக் கடைக்காரர் சித்தப்பாவிடம் காசு வாங்க மறுத்துப் பார்த்தார். இவர் மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். இருவருக்கும் இது தினப்படி வழக்கம் போலிருந்தது.

மதியம் தங்கை கோலகங்சாருக்குக் கூட்டிப் போனாள். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பதை அங்கேதான் நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்னமும் நிற்கிறது, வேலி போட்டு. அடிமரம் முழுக்க முண்டும் முடிச்சும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எதுவும் பேசத் தோன்றவில்லை. எங்கள் தாத்தாவின் தம்பி முசிறியை விட்டுக் கிளம்பியதற்கு இந்த ஒன்பது கன்றுகளும் ஒரு காரணம்.

அப்புறம் ஒரு லக்சா. மீன் குழம்பின் புளிப்பும் கனத்த நூடுல்சும். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, ஆறு வரை விடவில்லை.

ராத்திரி, நாளைக்குச் சட்டம் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று கவலைப்பட்டேன். சித்தப்பா பின்பக்கம் போய் வாழைத்தண்டு ஒரு முழம் வெட்டி வந்தார். "எவ்வளவு எடவெளி சொன்ன?" ஒன்றரை சென்டிமீட்டர். உளியால் ஐந்து பள்ளம் இழுத்தார், கண்ணால் மட்டும் பார்த்து. நான் அளவுகோல் வைத்தேன். 15, 15, 16, 15. பழைய நாள்காட்டி அட்டையை ஐந்து துண்டாக நறுக்கிச் செருகினோம். ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் உள்ளங்கைக்குள் அடங்கியது. தச்சர் செய்த சட்டம் பத்து மடங்கு பெரிது. இது உண்மையான அளவு.

மே 4, ஞாயிறு

வகுப்பு ஒரு கோவில் மண்டபத்தின் பக்க அறையில். தகரக் கூரை. நான் வணக்கம் சொல்லி முடிக்கவும் மழை கூரையில் இறங்கியது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. இருபது நிமிடம். சரி என்று பலகையில் எழுத ஆரம்பித்தேன், ஒரு வார்த்தை பேசாமல்.

1974 என்று எழுதினேன். அந்த வருடம் நவம்பரில் இரண்டு குழுக்கள் ஒரே துகளைக் கண்டதாக அறிவித்தன. ஒன்று கலிபோர்னியாவில், பர்ட்டன் ரிக்டர் குழு, எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் எதிரெதிரே மோதவிட்டு. இன்னொன்று புரூக்ஹேவனில், சாமுவேல் டிங் குழு, அசையாத பெரிலியத்தின் மேல் புரோட்டானை மோதவிட்டு. ஜே/சை என்று இன்று சொல்கிறோம். ஒரு சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க் குவார்க்கும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் துகள். 1976இல் இருவருக்கும் நோபல். அடுத்து 1977 என்று எழுதினேன். ஃபெர்மிலேப், லியான் லெடர்மன் குழு, செம்பிலும் பிளாட்டினத்திலும் 400 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலின் அலகு) புரோட்டான், அப்சிலான் துகள், அதற்குள் பாட்டம் குவார்க். அதுவும் நிலை இலக்குதான். பிள்ளைகள் மழைக்குள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எழவில்லை.

மழை குறைந்ததும் ஒரு பையன் கேட்டான், "டீச்சர், ரெண்டு பக்கமும் ஓட விட்டு மோதுனா பலமா இருக்குமே. நிக்கிறத அடிச்சா பாதி வேஸ்ட் தானே?"

பாதிக்கும் மேலேயே போகிறது என்றேன். 800 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் நிற்கிற புரோட்டானை அடித்தால், புதுத் துகள் செய்யக் கிடைப்பது 39தான். மிச்சமெல்லாம் எல்லாத் துகள்களையும் முன்னால் தள்ளுவதில் போகிறது. எதிரெதிரே விட்டால் 1600ம் கிடைக்கும். ஆனால் அந்த முன்னால் தள்ளுவது வீண் அல்ல. வாழைத்தண்டை எடுத்துக் காட்டினேன். டி-பூஜ்யம் தன் ஆயுளில் ஒளி வேகத்தில் போனால்கூட 0.12 மில்லிமீட்டர்தான் போகும், முடியின் தடிமன் அளவுக்கு. ஆனால் 100 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு முன்னால் பாயும்போது, நம் கடிகாரத்தில் அதன் ஆயுள் 50 மடங்குக்கு மேல் நீள்கிறது. ஐன்ஸ்டீன் சொன்ன கணக்கு. அப்போது ஆறரை மில்லிமீட்டர் போகும். தகட்டிலிருந்து இடைவெளியின் நடுவில் வந்து சிதையும், இதோ இந்த இடத்தில், என்று இரண்டு அட்டைகளுக்கு நடுவே விரலை வைத்தேன். பின்னால் நிற்கிற சிலிக்கான் பட்டைகள் தடங்களைப் பதிந்து கொடுக்கும். தடங்களைப் பின்னோக்கி நீட்டினால், ஒரு கொத்து தகட்டுக்குள் போய்ச் சேரும், இன்னொரு கொத்து காற்றிலே சேரும். காற்றில் சேருகிற இடம்தான் சார்ம்.

எவ்வளவு அரிது என்று சொல்லச் செம்பனைதான் கை கொடுத்தது. ஒரு நல்ல குலையில் ஆயிரத்துக்கு மேல் பழம் இருக்கும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உதிரிப் பழம் பொறுக்கிய கைகள். மோதல்களை ஒரு குலையின் பழங்களாக வைத்துக்கொண்டால், சார்ம் பிறப்பது அதில் ஒரு பழம் என்ற அளவில்தான். பாட்டம் வேண்டுமென்றால் ஆயிரம் குலைக்கு ஒரு பழம். "ரெண்டு லாரி!" என்றது பின் வரிசை. குலை 20 கிலோ என்று உடனே கணக்குப் போட்டுவிட்டான்.

அதனால்தான் ஈ-791இல் 2000 கோடி மோதல்களைப் பதிவு செய்தார்கள், 24,000 நாடாக்களில். வீடியோ கேமராவில் அப்போது போட்ட அதே எட்டு மில்லிமீட்டர் நாடா. தங்கை பின்னாலிருந்து, "என் காதுகுத்து கேசட் அம்மா பீரோவுல இருக்கு, அதே சைஸ்" என்றாள். அதுவும் 1992. அத்தனை நாடாவையும் பிறகு கணினிகள் வருடக்கணக்கில் சலித்து, இரண்டு லட்சத்துக்கு மேல் சார்ம் துகள்களைப் பொறுக்கின.

ஒரு பெண் பிள்ளை, கண்ணாடி போட்டவள், எல்லாவற்றையும் விட நல்ல கேள்வியைக் கேட்டாள். குவார்க்கும் எதிர்க் குவார்க்கும் ஜோடியாகத்தானே பிறக்கின்றன, அப்படியென்றால் சார்மும் எதிர்ச் சார்மும் எல்லா இடத்திலும் சமமாக இருக்க வேண்டும்தானே?

பிறக்கும்போது சமம். பெரும்பாலும் இரண்டு குளுவான்கள், குவார்க்குகளைப் பிணைத்து வைக்கும் துகள்கள், மோதி இந்த ஜோடி பிறக்கிறது. ஆனால் குவார்க் தனியாக நிற்காது, துணை தேடும். ஈ-791இன் கற்றை எதிர் மின்னூட்டப் பையான்கள் என்ற துகள்கள். அதற்குள் ஒரு டவுன் குவார்க்கும் ஒரு எதிர்-அப் குவார்க்கும். எதிர்ச் சார்ம் கூடவே ஓடி வருகிற டவுனைப் பிடித்துக்கொண்டால் டி-மைனஸ். சார்முக்கு டி-பிளஸ் ஆக எதிர்-டவுன் வேண்டும், அது கற்றையில் தயாராக இல்லை. அதனால் கற்றையின் திசையில் வேகமாகப் போகிறவற்றை எண்ணினால் டி-மைனஸ் அதிகம், டி-பிளஸ் குறைவு. வேகம் கூடக் கூட வித்தியாசமும் கூடுகிறது. இதைக் கணித்து, எண்ணிப் பார்த்து உறுதி செய்தார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "கூடக் கப்பலேறி வந்தவன் கையைத்தான் முதல்ல பிடிப்பான்" என்றார். எங்கப்பா பினாங்கில் இறங்கினப்ப அப்படித்தான், முசிறிக்காரன் ரெண்டு பேரு சேர்ந்தே ஒரே தோட்டத்துக்குப் போனாங்க என்று பிள்ளைகளிடம் சொன்னார். என் பேச்சில் அந்த ஐந்து நிமிடம் அவருடையது. நான் உட்கார்ந்து கேட்டேன்.

இன்னும் இரண்டு சொன்னேன். ஜப்பானில் நியூ கியோஷி என்பவர் 1971இலேயே, சரக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பிய புகைப்படத் தகடுகளில், காஸ்மிக் கதிர் மோதி ஏதோ ஒன்று பிறந்து சற்றுத் தள்ளிச் சிதைந்த தடத்தைப் பார்த்தார். டிங்கும் ரிக்டரும் அறிவிப்பதற்கு மூன்று வருடம் முன்னால். சார்ம் என்று அப்போது பெயர் சூட்டி அறிவிக்க முடியவில்லை, ஆனால் பார்த்தவர் அவர். ஆசியாவில் ஒருவர் என்று அழுத்திச் சொன்னேன், பிள்ளைகள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று. அடுத்தது, இந்த முறை செத்துப்போகவில்லை. ஜெனீவாவில் எல்எச்சிபி என்ற உணரியில், கற்றை ஓடும் குழாய்க்குள் கொஞ்சம் ஹீலியம், நியான், ஆர்கான் வாயுவை விட்டு, அதையே நிலை இலக்காக வைத்துச் சார்மை எண்ணியிருக்கிறார்கள்.

இரவு சித்தி இடியாப்பம் செய்தாள், தேங்காய்ப் பூவும் சீனியும் தூவி. இங்கே அதற்குப் புட்டு மாயம் என்று பெயர். சாப்பிட்டபின் சித்தப்பா, மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த சம்பந்தன் காலத்துக் கதையைச் சொன்னார்: வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர்களே காசு போட்டு 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, தன் அப்பா தன் பேரிலும் ஒரு பங்கு வாங்கியது. பதினோரு மணி வரை பேசினார். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

மே 5, திங்கள்

காலை பத்து மணிக்குப் பெட்டி வந்தது. மூலை நசுங்கி. கண்ணாடித் தகடுகளில் இரண்டு உடைந்திருந்தன. சட்டம் நன்றாக இருந்தது. தங்கையின் வகுப்புக்கே கொடுத்துவிட்டேன். வாழைத்தண்டு ஓரத்தில் கறுக்கத் தொடங்கியிருந்தது.

சந்தையில் பொமெலோ இரண்டு வாங்கினேன், 18 வெள்ளி. விற்ற அம்மாள் தோலை மோந்து பார்த்து, ஒன்றை மாற்றிக் கொடுத்தார். "ஊருக்குக் கொண்டு போறதுன்னா இது நிக்கும்மா." நாளுக்கு நான்கு முறை இப்படி யாராவது எனக்காக மெனக்கெட்டார்கள் இந்த ஊரில்.

ரயிலுக்கு அரை மணி இருக்கும்போது, கண்ணாடி போட்ட அந்தப் பிள்ளை பள்ளிச் சீருடையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். கையில் ஒரு தாள்.

"டீச்சர், நேத்து டி-பூஜ்யத்துக்குத்தான் போட்டீங்க. நான் டி-பிளஸ்ஸுக்குப் போட்டேன். அதோட ஆயுள் ரெண்டரை மடங்கு. நூறு ஜிகாவுல பதினாறரை மில்லிமீட்டர் வருது. நடு எடவெளி பதினஞ்சு தானே? அப்ப அது அடுத்த தகட்டுக்குள்ள போய் மாட்டிக்கும்."

தாளைப் பார்த்தேன். நிறையை 1.87 என்று சரியாக எடுத்திருந்தாள். பதினாறரையே சரி. அது சராசரி என்றேன். சில முன்னாலேயே சிதையும், சில தாண்டிப் போகும். தகட்டுக்குள் சிதைகிறதாகத் தெரிவதை எண்ணாமல் விட்டுவிடுவார்கள். ஒரு தகட்டைத் தாண்டி அடுத்த இடைவெளியில் சிதைகிறதையும் சேர்த்து எண்ணலாம். அந்த விடுபட்டதற்கெல்லாம் கணக்கில் திருத்தம் போடுவார்கள்.

"எத்தனை விடுபடும்னு போட முடியுமா?"

முடியும். அடுக்குக்குறிச் சார்பு ஆறாம் படிவத்தில் வரும். தாளின் பின்பக்கத்தில் சமன்பாட்டை எழுதிக் கொடுத்தேன். தகட்டின் தடிமன் 1.6, தகட்டுக்குத் தகடு 15, சராசரி 16.5. நடைமேடையின் இருக்கையில் உட்கார்ந்து அங்கேயே போட ஆரம்பித்தாள். அவளுடைய அப்பா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், அவசரப்படுத்தவில்லை. ரயில் வந்தபோது அவள் மூன்றாவது தகட்டில் இருந்தாள். விடையைத் தங்கையின் கைப்பேசியிலிருந்து அனுப்பச் சொல்லிவிட்டு ஏறினேன். தஞ்சோங் மாலிம் தாண்டும்போது வந்தது, இரண்டாம் தசமத்தில் ஒரு பிழையோடு. எங்கே பிழை என்று சொல்லாமல், நான்காவது வரியைத் திரும்பப் பார் என்று மட்டும் எழுதினேன்.